டாலியா, மாக்ரித்தா, ரெடோனா? வீட்டுச் சுவருக்கு ஒரு சங்கடமான படம்

கனவுபோல நடக்கமுடியாத காட்சிகளை வரையும் சர்ரியலிச ஓவியத்தின் பிரின்ட் ஒன்றை வீட்டில் மாட்டுவது என்று முடிவாகிவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாட்டலாமா கூடாதா என்ற சண்டை அவரவர் வீட்டில் தனியாக நடக்கட்டும். வாஸ்து பார்ப்பவர்கள் போர்க்களம், கவிழும் கப்பல், அழும் குழந்தை எதுவும் சுவரில் இருக்கக்கூடாது என்பார்கள். அதே வீட்டு வாசலில் நாக்கைத் தொங்கவிட்டு முழிக்கும் திருஷ்டி பொம்மை இருக்கும். பூஜையறைக் காலண்டரில் நரசிம்மர் இரணியனை மடியில் போட்டுக் கிழித்துக்கொண்டிருப்பார். கோரமான உருவம் நமக்குப் புதிதில்லை. எது எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் நம் ஆட்கள் கறார். பிரின்ட் வாங்கும்போதும் அந்தக் கறார் உதவும்.

பெங்களூரில் எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். புது ஃப்ளாட். சோபாவுக்கு மேலே பத்தடி வெள்ளைச் சுவர். "ஏதாவது வித்தியாசமா போடலாம்" என்று இரவு பதினொரு மணிக்கு ஆன்லைனில் தேடுவார்கள். ஸ்பானிய ஓவியர் டாலியின் உருகும் கடிகாரம் வரும். நான்கடி கேன்வாஸ் என்று ஆர்டர் போய்விடும். எந்தப் படம், எவ்வளவு பெரிது, எதில் அச்சடித்தது என்ற மூன்று முடிவும் ஐந்து நிமிடத்தில், ஒன்றைக்கூட யோசிக்காமல். என் கட்சி இதற்கு நேர் எதிர். சின்னதாக வாங்குங்கள், காகிதத்தில் வாங்குங்கள், கத்தாத படமாக வாங்குங்கள். ஏன் என்பதைப் படம் படமாகச் சொல்கிறேன்.

டாலி: பிரபலம்தான், ஆனால்

உருகும் கடிகாரங்கள் உள்ள 'நினைவின் நீடிப்பு' 1931-இல் வரைந்தது. நியூயார்க்கின் மோமா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவு 24 × 33 சென்டிமீட்டர். ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இடது பக்கம் கீழே, உருகாமல் மூடிக் கிடக்கும் ஒரே ஒரு ஆரஞ்சு நிறக் கடிகாரம். அதன்மேல் எறும்புகள் மொய்க்கின்றன. பக்கத்துக் கடிகாரத்தில் ஒரு ஈ. இதெல்லாம் மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போனால் தெரிகிற சங்கதிகள். கிட்டே போகவைப்பதுதான் அந்தப் படத்தின் தந்திரமே.

வொயிட்ஃபீல்டில் ஒரு நண்பர் வீட்டில் இதையே நான்கடி அகலத்துக்குக் கேன்வாஸில் மாட்டியிருக்கிறார்கள். எறும்புகள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திட்டு. கணக்கு எளிது. இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும் 1,500 பிக்சல் அகலப் படத்தை 48 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 31 புள்ளிதான் மிஞ்சும். கையில் வைத்துப் பார்க்கும் தரத்துக்கு 300 வேண்டும். நாலைந்து அடி தள்ளி நின்று பார்க்கிற பெரிய படத்துக்கு 150 இருந்தால் சமாளிக்கலாம். 31 எதற்கும் ஆகாது. டாலிதான் வேண்டும் என்றால் 12 × 16 அங்குலத்தில் எடுங்கள். அதுவே மூலத்தைவிடப் பெரிதுதான்.

அவருடைய இன்னொரு பிரபலமான படம், 1936-இல் வரைந்த 'வெந்த பீன்ஸுடன் மென்மையான கட்டுமானம்'. ஸ்பெயின் உள்நாட்டுப் போரை முன்கூட்டியே உணர்ந்து வரைந்ததாக டாலி சொல்லிக்கொண்டது. பிய்ந்துபோன கைகால்களால் ஆன ஓர் உடம்பு தன்னைத்தானே பிசைந்து கிழிக்கிறது, மேலே பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முகம். ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுரம், ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் நின்று பார்க்க அபாரமான படம். வீட்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். சாப்பாட்டு மேஜை எதிரில் முடியாது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. கத்துகிற படத்துக்குக் கண் சீக்கிரம் பழகிவிடும். முதல் மாதம் வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பற்றியே பேசுவார்கள். அப்புறம் அது சுவரில் இருப்பதே உங்களுக்கு மறந்துபோகும்.

இன்னொன்று. 'டாலி கையெழுத்திட்ட லிமிடெட் எடிஷன்' என்று யாராவது விற்றால் விலகிப் போய்விடுங்கள். கடைசிக் காலத்தில் அவர் வெற்றுத் தாள்களில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். கையெழுத்து அசலாகவே இருந்தாலும் அதற்கு மேலே உள்ள படத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. கையெழுத்தே போலியான பிரின்ட்டுகளும் சந்தையில் குவிந்து கிடக்கின்றன.

மாக்ரித்: சத்தம் போடாமல் படுத்துகிறவர்

பெல்ஜிய ஓவியர் மாக்ரித்தின் 'காதலர்கள்', 1928. ஒரு ஆணும் பெண்ணும் முத்தமிடுகிறார்கள். இருவர் தலையிலும் வெள்ளைத் துணி, கழுத்துவரை. ரத்தம் இல்லை, பல் இல்லை, பேய் இல்லை. கோட்டு, டை, சிவப்பு உடை, ஓர் அறையின் மூலை, அவ்வளவுதான். ஆனாலும் ஒவ்வொரு முறை தாண்டிப் போகும்போதும் எதையோ பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி இருக்கும். பழகவே பழகாது. வீட்டுக்கு வேண்டிய சங்கடம் இந்த ரகம்.

மாக்ரித்துக்குப் பதின்மூன்று வயதில் அவருடைய அம்மா ஆற்றில் விழுந்து இறந்தார். உடலை எடுத்தபோது இரவு உடை முகத்தை மூடியிருந்தது என்று ஒரு கதை உண்டு. துணி மூடிய தலைகளுக்கு அதுதான் காரணம் என்று எழுதாதவர்கள் இல்லை. மாக்ரித்துக்கு இப்படி விளக்கம் சொல்வது பிடிக்காது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லித் தொலைக்காதீர்கள் என்பது என் வேண்டுகோளும்கூட. கதை தெரிந்துவிட்டால் படத்தில் பாதி போய்விடும்.

வாங்கும்போது கவனிக்க ஒன்று உண்டு. 1928-இலேயே இதே தலைப்பில் ஒன்றுக்கு மேல் படம் வரைந்திருக்கிறார். முத்தமிடும் படம் மோமாவில். இரண்டு தலைகளும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நம்மைப் பார்த்து நிற்க, பின்னால் பசுமையான நிலம் தெரியும் படம் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில். தலைப்பை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டால் எது வரும் என்பது விற்கிறவரைப் பொறுத்தது. மோமா படம் 54 × 73.4 செ.மீ. நம் ஃப்ரேம் கடைகளின் வழக்கமான 18 × 24 அங்குலத்தில் கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். ஓரம் வெட்டுப்படாது, அளவும் மூலத்துக்கு நெருக்கம். இந்தப் பொருத்தம் அபூர்வம்.

பெற்றோர் கூட இருக்கும் வீட்டில் 'காதலர்கள்' தகராறு ஆகலாம். முத்தமா துணியா எதற்கு முதலில் ஆட்சேபம் வரும் என்று சொல்ல முடியாது. அங்கே 'ஒளியின் பேரரசு' சரியாக வரும். கீழே இருட்டிய தெரு, ஒரு வீடு, எரியும் விளக்குக் கம்பம். மேலே பட்டப்பகல் வானம், வெள்ளை மேகம். பார்த்தவுடன் "அழகா இருக்கே" என்பார்கள். என்ன தப்பு என்று கண்டுபிடிக்கச் சிலருக்கு நாளாகும். இதை அவர் பல தடவை வரைந்திருக்கிறார். அதில் ஒன்று 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 12 கோடி டாலருக்கு மேல் போனது.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் 'காதலர்கள்' படத்தை நாற்காலிக்குப் பின்சுவரில் மாட்டினால், வீடியோ காலில் உங்கள் தோளுக்கு மேலே மூடிய தலைகள் இரண்டு எட்டிப் பார்க்கும். அப்ரைசல் மீட்டிங்குக்கு நல்லதா கெட்டதா என்பது மேனேஜரைப் பொறுத்தது.

டானிங், எர்ன்ஸ்ட், வாரோ

டோரதியா டானிங்கின் 'ஐனே க்ளைனே நாக்ட்மூசிக்' 1943-ஐச் சேர்ந்தது. தலைப்பு மொட்ஸார்ட்டின் இசையிலிருந்து எடுத்தது. லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 41 × 61 செ.மீ. பழைய ஹோட்டல் ஒன்றின் மாடி நடை, எண் போட்ட கதவுகள். தரையில் ராட்சத சூரியகாந்திப் பூ ஒன்று பிய்ந்து கிடக்கிறது. கிழிந்த உடையில் ஒரு சிறுமி நிற்கிறாள், தலைமுடி நெட்டுக்குத்தாக மேலே பறக்கிறது. கதவில் சாய்ந்திருப்பது சிறுமியா பொம்மையா என்று குழப்பம். கடைசிக் கதவு மட்டும் லேசாகத் திறந்து மஞ்சள் வெளிச்சம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். இரவு தண்ணீர் குடிக்க எழும் பிள்ளைக்கு அந்தத் திறந்த கதவு போதும். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், படுக்கையறைகளுக்குப் போகும் நடையில் மாட்டினால் இதற்கு இணை கிடையாது. நடைக்குள் ஒரு நடை.

சோபாவுக்கு மேலே அகலமாகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு மாக்ஸ் எர்ன்ஸ்டின் 'மழைக்குப் பின் ஐரோப்பா'. 1940-இல் பிரான்சில் தொடங்கி 1942-இல் அமெரிக்காவில் முடித்தது. ஏறக்குறைய 55 × 148 செ.மீ. ஈரமான பெயிண்டின் மேல் கண்ணாடியையோ தாளையோ அழுத்தி எடுத்தால் பாசி, பவளம், அழுகிய மரம் மாதிரி ஒரு தோற்றம் வரும். அதற்குள் உருவங்களைத் தேடி வரைந்திருக்கிறார். தூரத்தில் இருந்து பார்த்தால் ஏதோ பாறைகள். கிட்டே போனால் பறவைத் தலையோடு ஒருவன் நிற்கிறான். ஹாலுக்கு நல்ல குணம் இது. சிக்கல் விகிதத்தில். உயரத்தைப்போல இரண்டே முக்கால் மடங்கு நீளம். எந்த ரெடிமேட் ஃப்ரேமிலும் அடங்காது. பல இடங்களில் இரண்டு பக்கமும் வெட்டி 2:1 ஆக்கி விற்கிறார்கள். ஆர்டருக்கு முன் சென்டிமீட்டரில் அளவைக் கேட்டு வகுத்துப் பாருங்கள்.

ரெமெடியோஸ் வாரோவை நம் ஆட்கள் இன்னும் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. ஸ்பெயினில் பிறந்து மெக்சிகோவில் வாழ்ந்து 1963-இல் இறந்தவர். 1958-இல் வரைந்த 'விண்மீன் கூழ்' என்ற படத்தைப் பாருங்கள். உயரத்தில் தனியாக ஒரு கோபுர அறை. உள்ளே ஒரு பெண் நட்சத்திரத் துகள்களை இயந்திரத்தில் அரைத்து, கூண்டிலிருக்கும் பிறைநிலாவுக்குக் கரண்டியால் ஊட்டுகிறாள். முகத்தில் ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. மணி அடித்ததும் செய்கிற வேலை மாதிரி. நிலாவைக் காட்டிப் பிள்ளைக்குச் சோறு ஊட்டி வளர்த்தவர்களுக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. இங்கே நிலாவே பிள்ளை, அதுவும் கூண்டுக்குள். ஆண்கள் இதை அழகான கற்பனை என்பதையும், கைக்குழந்தையோடு வீட்டில் கிடந்து அல்லாடிய பெண்கள் சட்டென்று அமைதியாகிவிடுவதையும் கவனித்திருக்கிறேன். சாப்பாட்டு அறைக்கு ஒரே ஒரு படம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

காப்புரிமை உங்கள் காகிதத்தை எப்படிப் பாதிக்கிறது

இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியில் இருந்து 60 ஆண்டு. எர்ன்ஸ்ட் 1976, டாலி 1989, டானிங் 2012 என்று கணக்குப் போட்டால் இவர்களுக்கெல்லாம் இன்னும் காலம் இருக்கிறது. மாக்ரித் 1967-இல் இறந்தார், அவருக்கு 2027 முடியும்வரை. வாரோவுக்கு 2023-உடன் முடிந்துவிட்டது.

வாங்குகிறவருக்கு இதில் என்ன? நியாய தர்மம் ஒரு பக்கம் இருக்கட்டும். உரிமை உள்ள படங்களின் பெரிய ஃபைலை அருங்காட்சியகங்கள் பொதுவில் கொடுக்காது. உரிமம் வாங்கி அச்சடிப்பவரிடம் அருங்காட்சியகம் எடுத்த ஒழுங்கான புகைப்படம் இருக்கும். வாங்காதவர் இணையத்தில் கிடைத்த படத்தைத்தான் இழுத்துப் பெரிதாக்குவார். மேலே சொன்ன கறுப்புத் திட்டு எறும்புகள் அப்படி வந்தவைதான். எனவே இவர்கள் படங்களுக்கு அருங்காட்சியகக் கடையோ உரிமத்தை வெளிப்படையாகக் குறிப்பிடும் பதிப்பாளரோதான் வழி. சுங்கவரியும் கூரியரும் சேர்ந்து விலை ஏறும். பிரின்ட்டைவிட அதை வரவழைப்பதற்கு அதிகம் ஆனால் ஆச்சரியப்படாதீர்கள்.

அந்தச் செலவு வேண்டாம் என்பவர்களுக்கு சர்ரியலிஸ்டுகளின் முன்னோர் இருக்கிறார்கள். சர்ரியலிச இயக்கத்தைத் தொடங்கிய கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் அதன் அறிக்கையை விட்டது 1924-இல். அதற்கு ரொம்ப முன்பே கனவையும் பயத்தையும் வரைந்தவர்கள் உண்டு. நியூயார்க்கின் மெட், சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் போன்ற அருங்காட்சியகங்கள் காப்புரிமை முடிந்த படங்களைப் பெரிய ஃபைலாக இலவசமாகத் தருகின்றன. நீங்களே இறக்கி உள்ளூரில் நல்ல இடமாகப் பார்த்து அச்சடித்துக்கொள்ளலாம்.

இதில் என் செல்லம் ஒடிலோன் ரெடோன். 1916-இல் இறந்தவர். பல ஆண்டுகள் கரியாலும், கல்லில் வரைந்து காகிதத்தில் அச்செடுக்கும் லித்தோகிராஃபாலும் கறுப்பு வெள்ளையிலேயே வேலை செய்தார். கண் ஒன்று பலூனாகி வானத்தில் மிதக்கிறது. பத்துக் கால் சிலந்தி ஒன்று மனித முகத்தோடு பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. சிலந்தியைப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பெரியவர்களுக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும். பிரின்ட் என்ற வகையில் ரெடோனுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. எண்ணெய் ஓவியத்தைக் காகிதத்தில் அச்சடிக்கும்போது எப்போதும் ஏதோ ஒன்று தொலையும். லித்தோகிராஃப் முதலிலேயே காகிதத்தில் அச்சடித்தது. அந்தக் கண் படம் சுமார் 26 × 20 செ.மீ.தான். அதே அளவில் நல்ல காட்டன் பேப்பரில் எடுத்தால் மூலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு எந்தப் படமும் வராது. நிறம் மாறிவிடுமே என்ற கவலையும் கிடையாது.

அர்னால்ட் பொக்லினின் 'இறந்தோர் தீவு' இன்னொரு வழி. 1880-க்கும் 1886-க்கும் நடுவில் ஐந்து தடவை வரைந்தார். ஒன்று இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. மற்றவை பாசல், நியூயார்க், பெர்லின், லைப்சிக் நகரங்களில் இருக்கின்றன. சவப்பெட்டியோடு படகு, வெள்ளைத் துணி போர்த்தி நிற்கும் உருவம், இருண்ட மரங்கள் அடைத்த பாறைத் தீவு. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய வீடுகளில் இதன் பிரின்ட் சர்வசாதாரணம். டாலியே இதை வைத்து ஒரு படம் வரைந்தார். தலைப்பைச் சொல்லாதவரை வீட்டுப் பெரியவர்கள் "எந்த ஊரு, கேரளாவா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

நம் பக்கமும் ஆள் இருக்கிறது. சென்னை சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்து 1973-இல், முப்பது சொச்சம் வயதில் இறந்த கே. ராமானுஜம். மையால் நெருக்கி நெருக்கிக் கோடு போட்டு அரண்மனைகளும் விசித்திர மிருகங்களும் வரைந்தவர். நடுவில் தொப்பி போட்ட ஓர் ஆள் அடிக்கடி வருவான், அது அவரேதான். கல்கத்தாவின் பிகாஷ் பட்டாச்சார்ஜி 1970-களில் வரைந்த பொம்மை வரிசையும் உண்டு. பாழடைந்த வீடுகளில் ஒரு பொம்மை, புகைப்படம்போல அப்படியொரு தத்ரூபம். டானிங்குக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. இருவர் படங்களுக்கும் காப்புரிமை நடப்பில் இருக்கிறது, நல்ல பிரின்ட் லேசில் அமையாது. கிடைத்தால் விடாதீர்கள். இதே கையோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் குமாரகிருபா சாலையில் ஆண்டுதோறும் நடக்கும் சித்திரச் சந்தைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வெளிநாட்டுப் பிரின்ட், சுங்கம், பெரிய ஃப்ரேம் எல்லாவற்றுக்கும் ஆகும் காசில் இளம் ஓவியர் ஒருவரின் அசல் படமே கைக்கு வரலாம்.

போஸ்டர், கேன்வாஸ், காட்டன் பேப்பர்

போஸ்டர் என்றால் ஆஃப்செட்டில் நான்கு நிற மையில் ஆயிரக்கணக்கில் அடிப்பது. விலை மலிவு, விடுதி அறைக்குச் சரி. வெயில் பட்டால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறி, சில வருடத்தில் படம் நீலமாக மாறிவிடும். இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

கேன்வாஸ் பிரின்ட்டுக்குத்தான் நிறையப் பேர் மயங்குவது, "அசல் பெயிண்டிங் மாதிரியே இருக்கு" என்று. சர்ரியலிஸ்டுகள் விஷயத்தில் அதுதான் வம்பு. டாலி, மாக்ரித், வாரோ மூவருமே மேற்பரப்பை வழவழவென்று வைத்து வரைந்தவர்கள். வாரோ பெரும்பாலும் அழுத்திய மரப்பலகையில் வரைந்தார். பெயிண்ட் இருப்பதே தெரியாமல் ஏதோ புகைப்படத்தைப் பார்ப்பதுபோல இருந்தால்தான் அந்த நடக்கமுடியாத காட்சியைக் கண் நம்பும். அதன்மேல் கோணி நூல் தெரிகிற மாதிரி ஒரு நெசவு வந்தால் நம்பிக்கை அங்கேயே உடைந்துவிடும். சட்டத்தின் மேல் இழுத்து மடிக்கும்போது படத்தின் ஓரம் இரண்டு அங்குலம் பக்கவாட்டில் போகும், அது தனி நஷ்டம். கண்ணாடி இல்லாததால் சாலைத் தூசியும் நேரே படியும். வெளியே எந்நேரமும் எதையாவது தோண்டிக்கொண்டிருக்கும் ஊர் இது. கேன்வாஸுக்கு உள்ள ஒரே நல்ல குணம் எடை குறைவு.

ஆக, காகிதம். அதில் இரண்டு வகை கேட்பார்கள். ஒன்று, முழுப் பருத்தியில் செய்த பளபளப்பில்லாத மேட் காகிதம், சதுர மீட்டருக்கு 300 கிராம் (ஜிஎஸ்எம்) சுற்றி இருக்கும். நிறத்துகள் கலந்த பிக்மென்ட் மையில் எட்டு முதல் பன்னிரண்டு நிறம்வரை ஓடும் பிரின்டரில் அடிப்பார்கள். டை மை, அதாவது கரைந்த சாய மை, என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சீக்கிரம் வெளிறும். மேட் காகிதத்தின் குறை, அதில் கறுப்பு முழுக் கறுப்பாக வராது, ஒரு இம்மி சாம்பல் கலந்திருக்கும். மாக்ரித், வாரோ, ரெடோனுக்கு அது அழகு. பொக்லின், டானிங் படங்களில் இருட்டுக்குள்தான் விஷயமே இருக்கிறது. அவற்றுக்கு பரைட்டா காகிதம் கேளுங்கள். லேசான பளபளப்பு இருக்கும், கறுப்பு ஆழமாக விழும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் என்றால் பளபளப்பு தொல்லை. அப்போது மேட்டோடு சமாதானம் ஆக வேண்டியதுதான்.

ஃப்ரேம் கடையில்

பிரின்ட்டுக்கு ஆனதைவிட ஃப்ரேமுக்கு அதிகம் ஆகும், மனதைத் தயார்செய்துகொண்டு போங்கள். அல்சூர் பக்கம் சாமி படத்துக்கு ஃப்ரேம் போடும் கடை ஒன்றில் நான் கேட்டது இது.

"பின்னாடி ஹார்ட்போர்டுல ஒட்டிடலாம் சார். ஒட்டுனாத்தான் அலை வராது."

"வேண்டாம்ண்ணா. மேல ரெண்டு இடத்துல டேப் போட்டுத் தொங்கவிட்டாப் போதும்."

"மழைக்காலத்துல நெளியும், அப்புறம் நம்மளத்தான் சொல்லுவீங்க."

அவர் சொன்னதும் உண்மை. காட்டன் பேப்பர் ஈரக் காற்றை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே மட்டும் தொங்கவிட்டால் அந்த அசைவுக்கு இடம் இருக்கும். மழைக்காலத்தில் லேசாக நெளிந்து பிறகு தானே நேராகிவிடும். முழுக்கப் பசை தடவி ஒட்டினால் நெளியாது. ஆனால் பசையும் ஹார்ட்போர்டின் அமிலமும் சேர்ந்து வருடக்கணக்கில் காகிதத்தைப் பழுப்பாக்கும், பிரித்தெடுக்கவும் முடியாது. படத்தைச் சுற்றி ஓரமாக வரும் தடித்த அட்டையை, அதாவது மவுன்ட் போர்டை, அமிலமில்லாததாகக் கேட்டு வாங்குங்கள். அந்த மவுன்ட்டே கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இடைவெளி கொடுக்கும். கண்ணாடியோடு காகிதம் ஒட்டினால் பூஞ்சை பிடிக்க அதுவே போதும்.

கண்ணாடியில் ஒரு பொறி உண்டு. 'நான்-ரிஃப்ளெக்டிவ்' என்று மலிவாகக் கொடுப்பது பெரும்பாலும் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய கண்ணாடி. பிம்பம் விழாது, சரி. மவுன்ட் இடைவெளியால் படமும் மங்கலாகத் தெரியும். டாலியின் எறும்புக்குக் காசு கொடுத்துவிட்டு அதன்மேல் பனி மூடியதுபோல ஆகிவிடும். பூச்சு பூசிய மியூசியம் கிளாஸ் அருமையாக இருக்கும், விலையும் அப்படியே. நடுவழி, சாதாரணத் தெளிந்த கண்ணாடி போட்டு, ஜன்னல் எதிரில் இல்லாத சுவரைத் தேர்ந்தெடுப்பது. காகிதப் படங்களை எப்படி மவுன்ட் செய்கிறார்கள், எவ்வளவு மங்கிய வெளிச்சத்தில் வைக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டுமா? அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கோ, கஸ்தூர்பா சாலையில் 2023-இல் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகத்துக்கோ ஒரு நடை போய் வாருங்கள்.

வாடகை வீடு என்றால் எடையும் கணக்கில் வரும். காலி செய்யும்போது பெயிண்டிங் சார்ஜ் என்று எப்படியும் ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள், ஆணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும். ஆனாலும் சில ஓனர்கள் துளை போட்டால் முகம் சுளிப்பார்கள். புது அபார்ட்மென்ட்டுகளின் கான்கிரீட் சுவரில் ஹேமர் டிரில் இல்லாமல் ஒன்றும் இறங்காது. ஒட்டும் பட்டைகளை நம்பிக் கண்ணாடி ஃப்ரேமைத் தொங்கவிடாதீர்கள். அலமாரி மேலேயோ மேஜை மேலேயோ சுவரில் சாய்த்து வைக்கலாம். 'சின்னதாக வாங்குங்கள்' என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படி அமைத்துக்கொள்ளலாம்

முதல் பிரின்ட், கையில் காசு குறைவு: ரெடோன், மூல அளவில், மேட் காகிதத்தில். யோசிக்கவே வேண்டாம். பெற்றோரும் பிள்ளைகளும் உள்ள வீட்டு ஹால்: 'ஒளியின் பேரரசு' அல்லது பொக்லின். சாப்பாட்டு இடம்: வாரோ. இருவர் மட்டும் இருக்கும் வீடு, துணிச்சலும் உண்டு: 'காதலர்கள்', 18 × 24, படிப்பறையில் அல்லது நடையில். படுக்கையறையில் மாட்டுவது உங்கள் இஷ்டம், நான் மாட்டமாட்டேன். அகலச் சுவரை நிரப்பியே தீர வேண்டும் என்றால் எர்ன்ஸ்ட், உரிமம் உள்ள பிரின்ட்டாக, வெட்டுப்படாமல்.

எதுவானாலும் முழு அளவில் அடிக்கச் சொல்வதற்கு முன்னால் அதே காகிதத்தில் ஒரு துண்டு மட்டும் அடித்துக் கேளுங்கள். நல்ல அச்சகத்தார் மறுக்கமாட்டார்கள். படத்தின் நடுப்பகுதியைக் கேட்காதீர்கள், இருட்டான மூலையைக் கேளுங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாட்டப்போகும் சுவரில் டேப்பால் ஒட்டி, இரவு உங்கள் வழக்கமான விளக்கில் பாருங்கள். இருட்டுக்குள் இருக்க வேண்டிய உருவம் தெரியவில்லை என்றால் ஃபைலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி மறுபடி அடிக்கச் சொல்லுங்கள், அல்லது நிறம் சரியாகக் காட்டும் சிஆர்ஐ 90-க்கு மேற்பட்ட எல்இடி பல்பாக மாற்றிப் பாருங்கள். பல நேரம் பல்பை மாற்றினாலே சரியாகிவிடும்.